விளக்கு போதாது, முள் வேண்டும்

மாணவ நண்பர்களே, லால்குடியில் வாடகைக்கு நிற்கும் வேன்களைப் பார்த்திருக்கிறீர்களா? லால்குடிக்கு வராதவர்கள் உங்கள் ஊர் வேன்களையே நினைத்துக்கொள்ளலாம். பல வண்டிகளின் பின்புறத்தில் 'டர்போ' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். ஓட்டுநர் அனுமதித்தால் ஒரு முறை அவருடைய இருக்கைக்குப் பின்னால் நின்று, எதிரே உள்ள பலகையைக் கவனியுங்கள். வேகத்தைக் காட்ட ஒரு முள், டீசல் அளவுக்கு ஒரு முள், தண்ணீர்ச் சூட்டுக்கு ஒரு முள், எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரிய ஒரு சிவப்பு விளக்கு. பெரும்பாலான வண்டிகளில் அவ்வளவுதான். பின்னால் பெருமையோடு எழுதி வைத்திருக்கும் அந்த டர்போ எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது? எஞ்சினை விட்டு வெளியேறும் புகை எத்தனை டிகிரி சூட்டில் போகிறது? இவற்றை ஓட்டுபவர் அறிய வழியே இல்லை.

ஆளையோ பாரத்தையோ ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு டர்போ டீசல் வண்டியிலும் இவ்விரண்டையும் காட்டும் முட்கள் ஓட்டுநரின் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. நான் ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கதை உண்டு.

எனக்குத் தெரிந்த வேன்காரர் ஒருவர். பழைய வண்டி, கணினி எதுவும் இல்லாத எஞ்சின். கடன் வாங்கி வாங்கிய வண்டி என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பட்டறையில் அவரிடம், "அண்ணே, இழுவை பத்தலைன்னா பம்பைக் கொஞ்சம் கூட்டி விடுறேன்" என்றார்கள். டீசல் பம்பில் ஒரு திருகைத் திருகினால் போதும், ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் பீச்சப்படும் டீசல் சற்றே கூடும். வண்டியும் நன்றாகத்தான் இழுத்தது. மேடு வந்தால் கறும்புகை விட்டது. "இழுவை இருந்தா புகை இருக்கும்" என்று அதற்கும் சமாதானம் சொன்னார்கள்.

ஒரு சித்திரை மாதத்தில் அவர் கொல்லிமலைக்குச் சவாரி எடுத்தார். அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகும் கூட்டம்; வண்டி நிறைய ஆள். காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஐம்பது வளைவுகளைத் தாண்டிய பிறகு எஞ்சின் தட்டத் தொடங்கியது, இழுவை போயிற்று, நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தபோது ஒரு பிஸ்டனின் தலை ஓரம் மெழுகு போல் உருகியிருந்தது. டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர் ஹோஸில், கிளிப்புக்கு அடியில் ஒரு வெடிப்பும் இருந்தது. அவர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "தண்ணி முள்ளு ஏறவே இல்லீங்க. நடுவுலதான் நின்னுச்சு."

அவர் பொய் சொல்லவில்லை, முள்ளும் பொய் சொல்லவில்லை. தண்ணீர் சூடாகவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த முள்ளிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று.

டீசல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. மற்றொரு மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் புகையோடு வெளியே போய்விடுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. தண்ணீரின் தன்வெப்பம் மிக அதிகம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். எனவே அது மெதுவாகவே சூடேறும். அதோடு, தண்ணீரை 80, 90 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நிறுத்திவைக்கத்தான் தெர்மோஸ்டாட்டும் விசிறியும் ரேடியேட்டரும் பாடுபடுகின்றன. ஆகவே உள்ளே ஒரு பிஸ்டன் உருகிக்கொண்டிருக்கும்போதும் தண்ணீர் முள் சாதுவாக நடுவில் நிற்கலாம். புகையின் வெப்பநிலை அப்படியன்று. காலை அழுத்திய சில விநாடிகளில் அது நூற்றுக்கணக்கான டிகிரி ஏறும். காலை எடுத்தால் அதே வேகத்தில் இறங்கும்.

இங்கே டீசல் எஞ்சினின் ஒரு தனிக்குணத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் காற்றையும் பெட்ரோலையும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் வைத்து இரண்டையும் சேர்த்துக் கூட்டுகிறோம், குறைக்கிறோம். டீசலில் அப்படியில்லை. காற்று தன் போக்கில் வந்துகொண்டே இருக்கும். ஓட்டுநரின் கால் கூட்டிக் குறைப்பது டீசலை மட்டுமே. ஒரு கிராம் டீசல் முழுவதும் எரிய ஏறத்தாழ பதினான்கரை கிராம் காற்று வேண்டும். ஒரு லிட்டர் டீசலுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: சுமார் 830 கிராம் டீசல், அதற்கு 12 கிலோ காற்று. கன அளவில் ஏறத்தாழ 10,000 லிட்டர்! வண்டி சும்மா நின்று ஓடும்போது தேவையைப் போல் பல மடங்கு காற்று உள்ளே இருக்கும். ஆகவே புகை குளிர்ச்சியாக, 100, 200 டிகிரியில் வெளிவரும். டீசல் கூடக்கூட உபரிக் காற்று குறையும், சூடு ஏறும். காற்று போதாத நிலை வந்ததும், எரியாத கரித்துகள் கறும்புகையாக வெளியே தெரியும். கறும்புகையை இழுவையின் அடையாளம் என்பவர்கள், உண்ட சோறு செரிக்காமல் வெளியே வருவதைப் பலத்தின் அடையாளம் என்பவர்களைப் போன்றவர்களே. அந்தக் கறுப்புக்குக் காசு கொடுத்தவர் வண்டிக்காரர். அதைச் சுவாசிப்பவர்கள் நாம்.

டர்போ இந்தக் காற்றுப் பஞ்சத்தைத் தீர்க்க வந்த கருவி. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வீணாக வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றவைத்து, அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவதே அவர் கண்ட வழி. வேன்களில் உள்ள சிறிய டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது.

அழுத்தம் இரட்டிப்பானால் காற்றும் இரட்டிப்பாகும் என்று பாயில் விதியை மட்டும் படித்தவர் சொல்லுவார். சார்லஸையும் துணைக்கு அழையுங்கள். சித்திரை வெயிலில் 40 டிகிரியில் உள்ள காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்குத் தள்ளினால், ஒரு சுமாரான டர்போவில் அது 140 டிகிரி அளவுக்குச் சூடாகிவிடும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுகிறதே, அதே காரணம். கெல்வினில் பார்த்தால் 313 என்பது 413 ஆகிறது. ஆகவே உண்மையில் கிடைக்கும் காற்று இரண்டு மடங்கன்று, ஒன்றரை மடங்குதான். வழியில் ஒரு குளிர்விப்பானை வைத்து 60 டிகிரிக்கு இறக்கினால் ஏறத்தாழ 1.9 மடங்கு கிடைக்கும். இந்தக் கணக்கை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். எஞ்சினைப் பற்றிய பாதி அறிவு வந்துவிடும்.

இப்போது கொல்லிமலைக்குத் திரும்புவோம். மலை மேலே ஆயிரம் மீட்டருக்கு மேல் போனால் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கும் அதிகமாகக் குறைகிறது. ஹோஸ் வெடிப்பின் வழியே டர்போ தள்ளிய காற்றில் ஒரு பகுதி வெளியே போயிற்று. இழுவை குறைந்ததும் ஓட்டுநர் காலை இன்னும் அழுத்தினார். காற்றழுத்தம் குறைந்தால் டீசலையும் குறைப்பதற்கென்று இத்தகைய பம்புகளின் தலையில் ஒரு சிறு சவ்வு அமைப்பு உண்டு. பட்டறையில் அதன் திருகையும் சேர்த்தே திருகியிருந்தார்கள். டீசல் கூடுதல், காற்று குறைவு, அதுவும் ஐம்பது வளைவுகளுக்கு இடைவிடாமல். பிஸ்டன் செய்யும் அலுமினியக் கலவை 600 டிகிரிக்குள்ளேயே உருகத் தொடங்கிவிடும். எண்ணெயும் தண்ணீரும் இடையறாது குளிர்விப்பதால்தான் அது பிழைத்துக் கிடக்கிறது. எல்லை மீறினால் எவ்வளவு நேரம் பிழைக்கும்?

ஓட்டுநருக்குக் காற்றழுத்தம் தெரிய வேண்டும் என்பது நான் புதிதாகக் கண்டுபிடித்த யோசனையன்று. லால்குடியிலிருந்து சற்றே தெற்கே, திருச்சியை ஒட்டி உள்ள பொன்மலையைப் பாருங்கள். அங்கே ரயில்வே பணிமனையும் டீசல் எஞ்சின் கொட்டகையும் உள்ளன. நம் நாட்டு ரயில்களை நெடுங்காலம் இழுத்த டபிள்யூ.டி.எம். 2 வகை டீசல் எஞ்சின் 16 சிலிண்டர்களும் 2600 குதிரைத்திறனும் கொண்டது; 1964 முதல் வாரணாசியில் கட்டப்பட்டது. மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய ஒய்.டி.எம். 4-க்கு ஆறு சிலிண்டர்கள். இரண்டிலும் டர்போ உண்டு. இவற்றை ஓட்டியவருக்கு எதிரே, டர்போவின் காற்றழுத்தத்தைக் காட்டும் மானி ஒன்று இருந்தது. அது எதற்கு என்று அந்த ரயில்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். லால்குடி நிலையத்திலிருந்து ரயில் புறப்படும்போது எஞ்சின் குபுகுபுவென்று கறும்புகை கக்கும், பிறகு தெளிந்துவிடும். டீசல் உடனே வந்துவிட்டது, ஆனால் டர்போ சுழன்று வேகம் பிடிக்கச் சில விநாடிகள் ஆயின. அந்த இடைவெளிதான் வானத்தில் கறுப்பாக எழுதப்பட்டது. மானியின் முள் ஏற ஏறப் புகை தெளியும். இன்று அந்தப் பாதை மின்மயமாகிவிட்டது, புகையைப் பார்க்கும் வாய்ப்புக் குறைந்துவிட்டது. விமானத்தில் இன்னொரு முள் உண்டு: ஒவ்வொரு ஜெட் எஞ்சினின் புகை வெப்பநிலையும் விமானியின் கண்ணெதிரே இருக்கிறது. ரயிலுக்கும் விமானத்துக்கும் தேவைப்பட்டது வேனுக்கு ஏன் ஆடம்பரமாகிவிட்டது?

இந்த இரண்டு மானிகளையும் பொருத்துவது பெரிய வித்தையும் இல்லை. காற்றழுத்த மானி எளிது. டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள காற்றுக் குழாயிலிருந்து ஒரு மெல்லிய குழலை எடுத்து மானிக்குக் கொண்டுவர வேண்டும். மானிக்குள் இருப்பது, பிரெஞ்சுக்காரரான போர்டான் 1849-ல் கண்டுபிடித்த வளைந்த உலோகக் குழல். திருவிழாவில் ஊதினால் நீளும் காகிதச் சுருள் ஊதல் வாங்கியிருப்பீர்களே, அதே சூத்திரம்: உள்ளே அழுத்தம் கூடினால் வளைவு நிமிர முயலும், முள் நகரும். நின்ற வண்டியில் அது பூஜ்யம் காட்டும். வெளியில் உள்ள காற்றழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்பதையே அது காட்டுகிறது என்பதை மறக்கக்கூடாது. ஒரு பார் என்றால் உள்ளே ஏறத்தாழ இரண்டு.

புகையின் வெப்பநிலையை அளப்பது இன்னும் சுவையானது. பாதரச வெப்பமானி அங்கே ஒரு கணமும் தாங்காது. அதனால் 1821-ல் சீபெக் கண்ட விளைவைப் பயன்படுத்துகிறார்கள். இரு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்து அந்த முனையைச் சூடாக்கினால், மறுமுனைகளுக்கிடையே ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றும். இதுவே வெப்ப மின்னிரட்டை. உங்கள் பள்ளி ஆய்வகத்தில் இரும்புக் கம்பியையும் செம்புக் கம்பியையும் முறுக்கி, மெழுகுவத்திச் சுடரில் காட்டி, கால்வனாமீட்டரில் பார்க்கலாம், ஆசிரியரைக் கேளுங்கள். வண்டிகளில் பயன்படுவது குரோமெல், அலுமெல் என்ற இரு நிக்கல் கலவைகள். டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் தரும். 700 டிகிரியில் ஏறத்தாழ 29 மில்லிவோல்ட், அதாவது ஒரு டார்ச் செல்லின் ஐம்பதில் ஒரு பங்கு. இந்தத் துளி மின்னழுத்தத்தைத்தான் மானி டிகிரியாக மாற்றிக் காட்டுகிறது.

பொருத்துவதில் மூன்று இடங்களில் தவறு நேர்கிறது. ஒன்று, துளையிடும் இடம். சிலிண்டர்களின் புகை ஒன்றுசேரும் வார்ப்புக் குழாயில், டர்போவுக்கு முன்னால் துளையிட வேண்டும். வேலை எளிது என்று டர்போவுக்குப் பின்னால் வைத்தால், டர்போவைச் சுழற்றித் தன் ஆற்றலை இழந்த புகையின் சூட்டையே காணலாம். பாரம் இழுக்கும்போது அது 100 டிகிரியும் அதற்கு மேலும் குறைவாக இருக்கும். இரண்டாவது, துளையிடும்போது விழும் இரும்புத் துகள். லட்சம் சுற்றுச் சுழலும் சக்கரத்தில் ஒரு துகள் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. குழாயைக் கழற்றி வெளியே எடுத்துத் துளையிடுவதே முறை. மூன்றாவது, கம்பி. நீளம் போதவில்லை என்று கையில் கிடைத்த செம்புக் கம்பியை ஒட்டுப்போடுவார்கள். எஞ்சினுக்குப் பக்கத்தில் சூடாக உள்ள அந்த ஒட்டே இன்னொரு மின்னிரட்டையாகி, மானியைக் குறைத்துக் காட்டச் செய்யும். அதே கலவைக் கம்பிதான் கடைசிவரை வர வேண்டும். இவையெல்லாம் பழகிய மெக்கானிக் செய்ய வேண்டிய வேலைகள். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள், கேள்வி கேளுங்கள். துளைப்பானைக் கையில் எடுக்க வேண்டாம்.

பொருத்திய பின் இரண்டு முட்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தனித்தனியே பார்த்தால் பாதிப் பயன்தான். ஏற்றத்தில் காற்றழுத்தமும் ஏறுகிறது, சூடும் ஏறுகிறது என்றால் பாரம் அதிகம். எஞ்சின் தன் வேலையைச் செய்கிறது. சூடு ஏறுகிறது, அழுத்தம் வழக்கமான அளவுக்கு வரவில்லை என்றால் காற்றுப் பக்கத்தில் கோளாறு: ஹோஸ் வெடிப்பு, தளர்ந்த கிளிப், அல்லது அறுவடைக் காலத்து வைக்கோல் தூசி அடைத்த ஏர் ஃபில்டர். இரண்டுமே ஏறவில்லை, இழுவையும் இல்லை என்றால் டீசல் பக்கத்தைப் பாருங்கள். டீசல் ஃபில்டர் அடைத்திருக்கலாம். பிஸ்டன் உருகிய நம் வேனில் இரண்டாவது நிலைதான். அடிவாரத்தை விட்டு ஐந்து வளைவு ஏறுவதற்குள் முட்கள் அதைச் சொல்லியிருக்கும். பல எஞ்சின்களில், டர்போவுக்கு முன்னால் 700 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இழுக்கக்கூடாது என்பது பழக்கத்தில் உள்ள எல்லை. வண்டிக்கு வண்டி இது மாறும், தயாரிப்பாளர் சொல்வதே சரி. முள் அங்கே நெருங்கினால் காலைச் சற்றுத் தளர்த்திக் கியரைக் குறைக்க வேண்டும். எஞ்சின் வேகமாகச் சுழலும், காற்று நிறைய வரும், ஒவ்வொரு வீச்சுக்கும் டீசல் குறையும், சூடு இறங்கும்.

இதற்கு மறுப்புச் சொல்பவர்கள் உண்டு. "முப்பது வருஷமா காதாலேயே கண்டுபிடிக்கிறேன்" என்பார் மூத்த மெக்கானிக். அந்தக் காதை நான் மதிக்கிறேன். அந்தக் காது பட்டறையில் இருக்கிறது, வண்டியோ ஐம்பதாவது வளைவில் இருக்கிறது என்பதுதான் சிக்கல். ஓட்டுநரின் கவனம் சாலையை விட்டுச் சிதறும் என்பது இன்னொரு மறுப்பு. இதில் நியாயம் உண்டு. மானியைக் கண்மட்டத்தில், சாதாரண நிலையில் முள் ஒரே திசையில் நிற்குமாறு திருப்பிப் பொருத்தினால் ஒரு கடைக்கண் பார்வை போதும். மூன்றாவது மறுப்புதான் எனக்கே கவலை தருவது: மானி இருக்கிறது என்ற துணிவில் பம்பை மேலும் திருகுவார்கள், முள் எல்லையைத் தொடும்வரை ஓட்டுவார்கள். அப்படிச் செய்பவர்கள் உலகெங்கும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களைத் தடுக்க என்னிடம் மருந்தில்லை. காய்ச்சல்மானி இருக்கிறதென்று யாரும் வேண்டுமென்றே மழையில் நனைவதில்லை என்று மட்டும் சொல்வேன்.

நான்காவதாக, "புதிய வண்டிகளில் எல்லாவற்றையும் கணினியே பார்த்துக்கொள்கிறது" என்பார்கள். உண்மைதான். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கேற்ப வந்த டீசல் வண்டிகளில் கரித்துகளைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி உண்டு. அது எரிய 600 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். ஆகவே புகைக் குழாயில் வெப்பநிலை உணரிகளை நிறுவனங்களே வைத்துவிட்டன. காற்றழுத்த உணரியும் இருக்கிறது. எல்லை மீறினால் கணினி தானே டீசலைக் குறைத்துவிடும். என் வழக்கு இங்கேதான் வலுக்கிறது. துளையிட வேண்டாம், கம்பி இழுக்க வேண்டாம். எண்கள் வண்டிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. பட்டறையில் ஒரு கருவியைச் செருகினால் மெக்கானிக் அவற்றைப் படிக்கிறார். காசு கொடுத்து வாங்கியவருக்கும் ஓட்டுபவருக்கும் மட்டும் ஒரு மஞ்சள் விளக்கு. அது எரிந்தால் பட்டறைக்கு வா என்று பொருள். விளக்கு எரியும்போது காரியம் நடந்து முடிந்திருக்கும். முள்ளோ, நடக்கப்போவதை மெல்ல மெல்லக் காட்டிக்கொண்டே வரும். பலகையில் பாட்டுக்கும் படத்துக்கும் இடம் ஒதுக்கும் நிறுவனங்கள் இரண்டு எண்களுக்கு இடம் தரக்கூடாதா?

நம் வேன்காரர் எஞ்சினைச் சரிசெய்து, பம்பைப் பழைய அளவுக்கே இறக்கிவிட்டார். இரண்டு மானிகளும் பொருத்தினார். அவற்றின் செலவு அந்தப் பிஸ்டன் வேலையின் செலவுக்குப் பக்கத்தில் வராது. இப்போது திருச்சியிலிருந்து வேகமாக வந்து லால்குடியில் நிறுத்தினால், உடனே சாவியைத் திருப்புவதில்லை. சூடான டர்போவின் அச்சில் எண்ணெய் ஓட்டம் சட்டென்று நின்றால், தங்கிய எண்ணெய் கரியாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். பயணிகள் இறங்கும்வரை எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். "வண்டிய நிறுத்தலையா மாமா?" என்று ஒரு நாள் ஒரு பையன் கேட்டான். அவர் அவனை உள்ளே அழைத்து முள்ளைக் காட்டினார். 320, 280, 240 என்று அது இறங்குவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.